பழைய லாரியில் இன்ஜின் கம்ப்யூட்டர் கோளாறு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கி, தேவைப்பட்டால் மட்டும் மாற்றும் வழிமுறை

நாமக்கல்லிலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ சரக்கேற்றி வந்த லாரி பெங்களூரு யஷ்வந்தபுரத்தில் என் பட்டறை வாசலுக்கு இழுத்து வரப்படும்போது, ஓட்டுநர் இறங்கியதும் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, கம்ப்யூட்டர் போயிடுச்சாம், மாத்தணுமாம்." கம்ப்யூட்டர் என்று அவர் சொல்வது, இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று முடிவுசெய்யும் மின்னணுப் பெட்டியை. அவருடைய வாக்கியத்தில் இரண்டு முறை வரும் 'ஆம்' என்ற விகுதியைத்தான் நான் முதலில் கவனிப்பேன். அது ஓட்டுநர் பார்த்துச் சொல்வதன்று. வழியில் ஸ்கேனரை (கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறிகளைப் படிக்கும் கருவியை) மாட்டிப் பார்த்த யாரோ ஒருவர் சொல்லியனுப்பியது. அப்படி வரும் வண்டிகளில் பலவற்றில் கம்ப்யூட்டர் நன்றாகவே இருக்கும்; கெட்டிருப்பது அதற்கு வரும் கரண்டு, அதன் எர்த், அல்லது அதனுடன் இணைந்த ஒரு வயர். உண்மையாகவே கெட்டுப்போன சில வண்டிகளிலும் அந்தப் பெட்டி தானாகச் செத்ததில்லை. ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது, அந்த ஒன்று இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பெட்டியை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

கீழே உள்ளவை காமன் ரெயில் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும்) டீசல் இன்ஜினும் 24 வோல்ட் மின்னமைப்பும் கொண்ட பி.எஸ்.3, பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் கட்டங்கள்) கால லாரிகளுக்கானவை. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அதிகம், பூட்டுகளும் அதிகம். அவற்றுக்கு இந்த வழிமுறை போதாது. உங்கள் வண்டியில் பழைய இன்லைன் பம்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு) இருந்தால், அதில் இந்த வகைக் கம்ப்யூட்டரே இல்லாமல் இருக்கலாம், பி.எஸ்.4 காலத்திலும் சில லாரிகள் இன்லைன் பம்புடனேயே வந்தன என்பதால், தேடத் தொடங்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தேவையான கருவிகள் அதிகமில்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு நம்பகமான மல்டிமீட்டர், இரண்டு வயர் பற்றவைத்த 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்ப், ஓடும் அளவுகளைக் காட்டக்கூடிய ஸ்கேனர், அந்த மாடலுக்கே உரிய வயரிங் படம் ஆகியவை பெரும்பாலும் போதும். இவற்றுள் வயரிங் படம்தான் முக்கியம். எந்தப் பின்னில் என்ன வர வேண்டும் என்று தெரியாமல் கப்ளரில் (வயர்களை இணைக்கும் செருகியில்) ஊசியைக் குத்திப் பார்ப்பவர், இல்லாத கோளாறு ஒன்றைத் தாமே உண்டாக்கிவிடுவார்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் பேட்டரியில் தொடங்குங்கள். தொடராக இணைந்த இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். பாட்டுப்பெட்டிக்கும் செல்பேசி சார்ஜருக்குமாக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தால், அந்தப் பேட்டரி மட்டும் எப்போதும் பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். செல்ஃப் அடிக்கும்போது மொத்த வோல்டேஜ் 18-க்குக் கீழே விழுந்தால், மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டுப் பேட்டரியையும் அதன் கேபிள்களையும் முதலில் சரிசெய்யுங்கள். அந்த நிலையில் கம்ப்யூட்டர் காட்டும் எந்தப் பிழைக் குறியையும் நம்ப முடியாது.

சாவி போட்டும் செக் விளக்கு எரியவில்லை, ஸ்கேனரும் இணையவில்லை

இதைப் பார்த்தவுடன் 'கம்ப்யூட்டர் செத்துவிட்டது' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கம்ப்யூட்டருக்குக் கரண்டே போகாவிட்டாலும் இதே அறிகுறிதான் தோன்றும். கம்ப்யூட்டருக்கான ஃப்யூஸ்களையும் மெயின் ரிலேயையும் பாருங்கள். ரிலே டிக்கென்று ஒலிப்பதாலேயே அது நல்லது என்று கொள்ளக் கூடாது. உள்ளே தொடும் முனைகள் கருகியிருந்தாலும் அது ஒலிக்கத்தான் செய்யும்.

அடுத்து, கம்ப்யூட்டரின் கப்ளரைக் கழற்றி, கரண்டு வரும் பின்களுக்கும் எர்த் பின்களுக்கும் இடையே அந்த ஹெட்லைட் பல்பை இணையுங்கள். மீட்டரை மட்டும் நம்புகிறவர்கள் ஏமாறும் இடம் இது. உள்ளே பச்சை பூத்து ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் மீட்டரில் 24 வோல்ட் என்றே காட்டும், ஏனெனில் மீட்டர் மிகச் சிறிதளவு கரண்டு மட்டுமே இழுக்கும். ஏறக்குறைய மூன்று ஆம்பியர் இழுக்கும் பல்பை மாட்டினால்தான் அந்த வயரின் வண்டவாளம் தெரியும். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் கரண்டும் எர்த்தும் சரி; மங்கலாக எரிந்தால் கம்ப்யூட்டரைத் தொடாமல் வயரிங்கைத் தொடருங்கள். சில பின்களில் ரிலேயைக் கம்ப்யூட்டரே இயக்கிய பிறகுதான் கரண்டு வரும் என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கப்ளரைக் கழற்றிய நிலையில் அங்கே கரண்டு இல்லாதது குறையன்று.

எர்த்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கப்ளர் மாட்டிய நிலையில், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைக் கம்ப்யூட்டரின் எர்த் பின்னின் பின்புறத்திலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, துருவையும் பெயின்டையும் சுரண்டிவிட்டு மீண்டும் இறுக்குங்கள். பாடி கட்டும் பட்டறையில் வண்டி முழுவதற்கும் புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த வாரத்தில் இந்தக் கோளாறு எழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கரண்டும் எர்த்தும் சரியாக இருந்தும் ஸ்கேனர் இணையவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டில் கேன் லைனின் (வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் வயர் இணையின்) இரு வயர்களுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். 60 ஓம் இருக்க வேண்டும். 120 என்றால் இரு முனைகளில் உள்ள மின்தடைகளுள் ஒன்று கிடைக்கவில்லை. சில ஓம்கள் மட்டுமே என்றால் இரு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பல மாடல்களில் ஒரு மின்தடை கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பதால், கம்ப்யூட்டரைக் கழற்றியதும் 60 என்பது 120 ஆவது இயல்பு. சாக்கெட்டில் வண்டியைக் கண்காணிக்கும் ஜி.பி.எஸ். கருவி மாட்டியிருந்தால் முதலில் அதைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பாதி நேரம் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, சென்சார்களுக்குப் போக வேண்டிய 5 வோல்ட்டும் எந்தப் பின்னிலும் வரவில்லை, சென்சார் கப்ளர்கள் அனைத்தையும் கழற்றிய பிறகும் வரவில்லை என்றால், அப்போது கம்ப்யூட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை, ஸ்கேனர் இணைகிறது

ஸ்கேனருடன் பேசும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. செல்ஃப் அடித்துக்கொண்டே மூன்று அளவுகளைப் பாருங்கள்: இன்ஜின் வேகம், கிராங்க் தண்டின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சாரும் கேம் தண்டின் சுழற்சியை அறியும் கேம் சென்சாரும் ஒத்துப்போகின்றனவா என்பது, ரெயில் அழுத்தம்.

வேகம் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். காந்தச்சுருள் வகைச் சென்சார் என்றால் அதன் மின்தடை பொதுவாகச் சில நூறு ஓமிலிருந்து ஆயிரம் ஓமை ஒட்டி இருக்கும். ரெயில் அழுத்தம் சுமார் 200 பாரை எட்டவில்லை என்றால் பெரும்பாலான இன்ஜின்களில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே முயலாது. அது பழுதன்று, அதன் வேலையே அதுதான். டீசல் ஃபில்டர், காற்று இழுக்கும் குழாய், தேய்ந்த பம்பு, ரிட்டர்ன் வழியே ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை மாற்றியவர்கள் கொடுத்த பணம் அத்தனையும் வீண்.

மூன்று அளவுகளும் சரியாக இருந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். சென்சாரின் சிக்னல் கம்ப்யூட்டரின் பின் வரை வந்து சேர்வதை ஆஸிலோஸ்கோப்பில் (சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவியில்) பார்த்த பிறகும் ஸ்கேனரில் வேகம் பூஜ்யம் என்றால், பெட்டிக்குள் அந்த உள்வழி கெட்டிருக்கிறது.

ஒன்றோ மூன்றோ சிலிண்டர் வேலை செய்யவில்லை

இந்த அறிகுறிதான் கம்ப்யூட்டரை உண்மையாகவே கொல்லும் கோளாறுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே இங்கே அவசரம் கூடாது.

பி 0201 முதல் பி 0206 வரையிலான குறிகள் முறையே ஒன்று முதல் ஆறு வரையிலான சிலிண்டர்களின் இன்ஜெக்டர் சுற்றைச் சொல்கின்றன. சுற்றைச் சொல்கின்றனவே தவிர, கெட்டது இன்ஜெக்டரா, வயரா, கம்ப்யூட்டருக்குள் இன்ஜெக்டரை இயக்கும் 'டிரைவர்' என்ற மின்சுற்றா என்று சொல்வதில்லை. ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் இன்ஜெக்டர்கள் மும்மூன்றாக இரண்டு அணிகளாகப் பிரிந்து கரண்டு பெறுகின்றன. ஓர் அணியில் ஒரே ஓர் இன்ஜெக்டர் ஷார்ட் ஆனாலும், கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அந்த அணி முழுவதையும் நிறுத்திவிடும். மூன்று சிலிண்டர் ஒரே நேரத்தில் நின்றதும் மூன்று இன்ஜெக்டரும் ஒன்றாகக் கெட்டிருக்க முடியாது, எனவே கம்ப்யூட்டர்தான் என்று முடிவு கட்டுவது இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

செய்ய வேண்டியது இது. சாவியை எடுத்துவிட்டு, நின்றுபோன அணியில் ஓர் இன்ஜெக்டரின் கப்ளரை மட்டும் கழற்றுங்கள். பிழைக் குறிகளை அழித்து இன்ஜினை இயக்குங்கள். மற்ற இரண்டும் உயிர்பெற்றால் ஷார்ட் கழற்றிய சுற்றில் இருக்கிறது. இல்லையென்றால் அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். மின்காந்தத்தால் திறக்கும் சோலினாய்டு இன்ஜெக்டரின் மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவு. சாதாரண மீட்டர் அதைத் துல்லியமாகக் காட்டாது. அதைவிட முக்கியமானது, இன்ஜெக்டரின் எந்த முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது என்பது. இன்ஜெக்டரைத் திறக்கக் கம்ப்யூட்டர் தன்னுள் பேட்டரியைவிட மிக உயர்ந்த வோல்டேஜை உண்டாக்குகிறது. இன்ஜின் ஓடும்போது அந்த வயர்களைத் தொடக் கூடாது, கப்ளரையும் கழற்றக் கூடாது.

என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். மூன்று சிலிண்டர் நின்ற ஒரு லாரிக்கு, அதே முதலாளியின் நல்ல லாரியிலிருந்து கம்ப்யூட்டரைக் கழற்றி 'மாட்டிப் பார்ப்போம்' என்று மாட்டினேன். இன்ஜின் நாலு நொடி சீராக ஓடியது. அதன் பிறகு அதே மூன்று சிலிண்டர் நின்றது. மறுபடியும் நல்ல லாரிக்கே மாட்டினால் அங்கேயும் மூன்று சிலிண்டர் நின்றது. இன்ஜின் தலையை மூடும் ராக்கர் கவருக்குள் போகும் இன்ஜெக்டர் வயர் ஒன்று போல்ட்டில் உரசித் தோல் உரிந்திருந்ததை அன்று மாலைதான் கண்டேன். அது முதல் பெட்டியைக் கொன்றது, இரண்டாவதைக் கொல்ல என் கையைப் பயன்படுத்திக்கொண்டது. வயரையும் இன்ஜெக்டரையும் சோதித்து முடிக்கும் வரை இன்னொரு வண்டியின் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்காதீர்கள்.

சூடானால் அணைகிறது, ஆறினால் மறுபடியும் ஓடுகிறது

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும் வரை லோடுடன் இழுத்த வண்டி, சோதனைக்கு நிறுத்திய இடத்தில் அணைந்து, அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். முதலில் சந்தேகிக்க வேண்டியது கிராங்க் சென்சாரை. கம்ப்யூட்டருக்குள் சூட்டிலும் அதிர்விலும் விரிசல் விட்ட பற்றாசும் (சால்டரிங்) இதே போல் நடந்துகொள்ளும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பெட்டியின் மேல் முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் மெல்லச் சூடேற்றுங்கள். ஹாட் ஏர் கன் வேண்டாம். அணைந்தால், ஈரத் துணியால் பெட்டியை மட்டும் ஆற்றிவிட்டு முயலுங்கள். மூன்று முறை செய்து மூன்று முறையும் ஒரே விதமாக நடந்தால் பெட்டிதான். அதற்கு முன், கப்ளரை நிமிர்த்தி, வயர் கட்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். பின் தளர்ந்திருந்தாலும் இதே நாடகம்தான் நடக்கும். இன்ஜினோடு பொருத்தப்பட்ட சில கம்ப்யூட்டர்களின் பின்புறம் டீசல் ஓடிக் குளிர்விக்கும் தட்டு ஒன்று உண்டு. அதன் வழி அடைபட்டால் நல்ல பெட்டியும் வெந்துபோகும்.

பிக்கப் இல்லை, ஒரே நேரத்தில் பல சென்சார் குறிகள்

ஐந்தாறு சென்சார்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. அவை ஒரே 5 வோல்ட் வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. பி 0641, பி 0651 ஆகிய குறிகள் அந்த 5 வோல்ட்டைப் பற்றியவை. மீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்துக்கொண்டு சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்தக் கப்ளரைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்தச் சென்சாரோ அதன் வயரோதான் மற்ற அனைத்தையும் இழுத்துக் கீழே தள்ளியது.

பெங்களூருக்காரர்களுக்குக் கைக்கெட்டிய சோதனை ஒன்று இங்கே உண்டு. பல கம்ப்யூட்டர்களில் வளிமண்டல அழுத்தத்தை அளக்கும் சென்சார் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் அது 91 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். அதே வண்டி சென்னையில் நின்றால் 101-ஐ ஒட்டிக் காட்டும். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் வளிமண்டல அழுத்தத்தையும் டர்போவுக்கு அடுத்த காற்றழுத்தச் சென்சாரின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வெளிச் சென்சார் 91-உம் உள்ளே இருப்பது 60-உம் காட்டினால், மலை உச்சியில் இருப்பதாக நம்பி டீசலைக் குறைத்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். இது வயரால் வரும் கோளாறன்று.

பெட்டியே தன்னைக் குறைசொல்லும் குறிகளும் சில உண்டு: பி 0601, பி 0606 ஆகியவை உள் நினைவகத்தையும் செயலியையும் பற்றியவை, கனரக வண்டிகளின் குறி முறையில் எஸ்.பி.என். (எந்தப் பாகம் என்ற எண்) 629, எஃப்.எம்.ஐ. (எந்த வகைக் கோளாறு என்ற எண்) 12 என்று வரும். ஆனாலும் வோல்டேஜ் விழுந்ததாலும் இவை ஒரு முறை பதிவாகக்கூடும். அழித்துவிட்டு, நல்ல பேட்டரியுடன் மறுபடியும் வருகின்றனவா என்று பாருங்கள்.

எது கொன்றது

பெட்டியைத் திறக்காமலேயே பாதிக் கதையை ஓட்டுநரிடம் கேட்டு அறியலாம். அண்மையில் சேசிஸிலோ பாடியிலோ வெல்டிங் நடந்ததா, அப்போது பேட்டரியையும் கம்ப்யூட்டர் கப்ளரையும் கழற்றினார்களா. வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பியபோது முனைகள் மாறினவா. வண்டியைப் பிரஷர் தண்ணீரில் கழுவினார்களா. டைனமோவை அண்மையில் பழுது பார்த்தார்களா. டைனமோவின் சார்ஜ் 28 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றாமல் புதுப் பெட்டியை மாட்டக் கூடாது.

கப்ளரைக் கழற்றும்போது பின்களில் ஆயில் இருந்தால் வியக்க வேண்டாம். சீல் போன ஆயில் பிரஷர் சென்சாரிலிருந்து வயரின் உள்ளிழைகள் வழியாகவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், ஆயில் கம்ப்யூட்டர் வரை ஊர்ந்து வரும். துடைத்துவிட்டு மாட்டினால் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடும். சென்சாரையும் வயரின் அந்தப் பகுதியையும் மாற்ற வேண்டும்.

மாற்றும் முறை

புதுப் பெட்டியை வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி ஆர்டர் செய்தால், அந்த வண்டிக்குரிய மென்பொருளை ஏற்றித் தருவார்கள். பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருக்களான ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் பழைய பெட்டி தேடுபவர்கள், பெட்டியின் மேல் உள்ள எண்ணின் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தோற்றம் ஒன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது. பழைய பெட்டியில் செயலி உயிரோடிருந்து இன்ஜெக்டர் டிரைவர் மட்டும் கெட்டிருந்தால், அதன் நினைவகத்தை முழுவதுமாகப் படித்து மாற்றுப் பெட்டியில் எழுதிவிடலாம். இதுவே எனக்குப் பிடித்த வழி. பி.எஸ்.4 வண்டியில் யூரியா அமைப்பைத் (புகையின் நச்சைக் குறைக்க யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பைத்) துண்டித்து எழுதித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அது புகை விதிக்குப் புறம்பானது, பின்னால் வரும் கோளாறுகளைக் கண்டறியவும் இயலாது.

பெட்டி செத்துவிடும் முன்பே, ஸ்கேனர் இணையும் போதே, சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சேசிஸ் எண், மென்பொருள் எண், டயர் அளவுக்கும் ஆக்ஸில் விகிதத்துக்கும் உரிய வேக அளவுகள், வேகக் கட்டுப்பாட்டின் வரம்பு, ஒவ்வொரு சிலிண்டருக்குமான இன்ஜெக்டர் குறியீடு. ஒவ்வோர் இன்ஜெக்டரும் உற்பத்தியிலேயே சிறு வேறுபாட்டுடன் வருவதால், அதன் தலையில் பொறித்த குறியீட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டால் வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் நடுங்கும், புகைக்கும். விவரங்களை எடுக்க முடியாமல் பெட்டி செத்துவிட்டால், ராக்கர் கவரைத் திறந்து இன்ஜெக்டரிலிருந்தே படிக்க நேரலாம்.

கழற்றும்போது சாவியை எடுத்த பிறகு இரண்டு நிமிடம் பொறுங்கள். சாவியை எடுத்ததும் கம்ப்யூட்டர் உடனே உறங்குவதில்லை. மெயின் ரிலேயைத் தானே பிடித்துக்கொண்டு அன்றைய விவரங்களை எழுதி முடிக்கிறது. இறங்கியவுடன் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அடிக்கும் வழக்கமும் இந்தக் காரணத்தால் கெடுதல்தான். பிறகு பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பெட்டியைக் கையில் எடுக்கும் முன் சேசிஸை ஒருமுறை தொடுங்கள். அடியில் உள்ள ரப்பர் புஷ்களையும் எர்த் பட்டையையும் பழையபடியே போடுங்கள். ரப்பர் நைந்திருந்தால் புதிது போடுங்கள். டீசல் குளிர்தட்டு இருந்தால் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

பேட்டரியை இணைத்ததும் செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் சேசிஸ் எண்ணையும் மென்பொருள் எண்ணையும் சரிபார்த்து, இன்ஜெக்டர் குறியீடுகளை எழுதி, ஆக்ஸிலரேட்டர் பெடல் 0-இலிருந்து 100 வரை சீராக ஏறுகிறதா என்று பார்த்து, பிழைக் குறிகளை அழித்துவிட்டு, சாவியை எடுத்து மறுபடியும் இரண்டு நிமிடம் விடுங்கள். அதன் பிறகு கிளப்புங்கள். ஐடிலில் சார்ஜ் அளவையும் வளிமண்டல அழுத்தத்தையும் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஸ்பீடோமீட்டரைச் செல்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிடுங்கள், வேறுபட்டால் டயர் அல்லது ஆக்ஸில் அளவு தவறாக எழுதப்பட்டிருக்கிறது, 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடும் தவறான இடத்தில் பிடிக்கும்.

லோடு ஏற்றிய பிறகு நெலமங்கலா வரை ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள். இரவு பட்டறையிலேயே நிறுத்தி, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே கிளப்பி, ஸ்கேனரை மீண்டும் மாட்டுங்கள். கழற்றிய பழைய பெட்டியைச் செத்ததென்று எடைக்குப் போட்டுவிடாமல், வண்டி எண்ணையும் தேதியையும் அதன் மேல் எழுதி ஒரு மாதமாவது அலமாரியில் வைத்திருங்கள்.